பங்காளி பட்டன்

அண்ணன் நாகநாதனும் தம்பி துரைராசுவும் கூடப் பிறந்தவர்கள். ஒரே மில்லுக்குச் சொந்தக்காரர்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரத்தநாடு சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள்கூட மில்லின் முகப்பைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம். சுவரில் பாதிக்கு அண்ணன் கட்சியின் நிறம், மறுபாதிக்குத் தம்பி கட்சியின் நிறம். ஆட்சி மாறும்போதெல்லாம் ஜெயித்த பாதிக்குப் புது பெயிண்ட் அடிப்பார்கள். தோற்ற பாதி அடுத்த தேர்தல்வரை காரை உதிர்த்துக்கொண்டு நிற்கும்.

சண்டைக்கு மூலம் அவர்களுடைய அப்பா. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மனிதர் தன் நிலத்தை மச்சான் பேரில், மாமனார் பேரில், சம்பந்தி பேரில் என்று பிரித்துப் பிரித்து எழுதி வைத்தார். தொழுவத்து மாடுகளுக்குக் கைநாட்டு வைக்கத் தெரிந்திருந்தால் அவற்றின் பேரிலும் எழுதியிருப்பார். ஆபத்து நீங்கியபின் திருப்பிக் கேட்டார். மாடுகளாக இருந்தால் ஒருவேளை கொடுத்திருக்கும். மச்சான் கொடுக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது கொஞ்சம் வயலும் இந்த ரைஸ் மில்லும்தான். அதைப் பிரித்துக்கொள்ளத்தான் மகன்கள் இருவரும் தஞ்சாவூர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்கள்.

மில்லை எப்படிப் பிரிப்பது? நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைக்கிற பக்கம் அண்ணனுக்கு. காய்ந்த நெல்லை அரைத்து அரிசியாக்குகிற பக்கம் தம்பிக்கு. நடுவே தரையிலிருந்து கூரைவரை தகரத் தடுப்பு. அண்ணன் பக்கத்து நெல்லைத் தூக்கித் தம்பி பக்கத்தில் கொட்டுகிற எலிவேட்டர் மட்டும், தகரத்தில் போட்ட ஓட்டை வழியே இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றது. அதைப் பிரிக்க எந்த வக்கீலாலும் முடியவில்லை.

ஆக, பேசாமல் தொழில் நடத்த வேண்டும். அதற்குத்தான் போர்மேன் சாமிதுரை இருந்தார். தகரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதில் நின்றுகொண்டு இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோவது அவருடைய வேலை.

"அந்தத் தறுதலைகிட்ட சொல்லு, நெல்லு வருதுன்னு" என்பார் நாகநாதன்.

"தம்பி, நெல்லு வருதாம், அண்ணன் சொல்லச் சொன்னாங்க" என்பார் சாமிதுரை, தேன் தடவி.

"இடம் இல்ல, அவன் தலையில கொட்டிக்கச் சொல்லு" என்பார் துரைராசு.

"அண்ணே, கொஞ்சம் பொறுத்து அனுப்பச் சொல்றாங்க" என்று திரும்பி வரும்.

இதற்குள் எலிவேட்டர் நெல்லை வாரிக் கொட்டி, தொட்டி நிரம்பி வழிந்து, பெல்ட் அடைத்துக்கொண்டு மில்லே நிற்கும். வாரத்தில் பாதி நாள் இந்தக் கூத்துதான்.

இன்ஜினியர் அம்சம் இந்த மில்லுக்குள் வந்தது இப்படித்தான். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் மெஷின்களைத் தானாக ஓடவைக்கிற வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பித் தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் 'அம்சம் ஆட்டோமேஷன்' என்று பலகை மாட்டியிருந்தாள். பலகை மாட்டிய பிறகு அந்த மாடிப்படியில் ஏறி வந்தவர்கள் எல்லோரும் அடுத்த அறை பல் டாக்டரைத் தேடி வந்தவர்கள். அந்த நிலையில் ஒரே நாளில் இரண்டு போன். இரண்டும் ஒரே மில்லிலிருந்து. இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி.

"நெல்லு வந்துச்சா, தொட்டி ரொம்பிடுச்சான்னு மெஷினே பாத்து மெஷினே நிறுத்திக்கிற மாதிரி செய்யலாம்ங்கிறாங்களே, நெசமா?"

"நெசந்தான் சார். சென்சார் வெச்சுட்டா அதுவே பேசிக்கும்."

"அப்ப நான் அவன்கிட்ட எதுவும் சொல்லி அனுப்ப வேணாமே?"

"யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம் சார்."

நாடெங்கும் ஆட்களைக் குறைக்கவும் உற்பத்தியைக் கூட்டவும் ஆட்டோமேஷன் போடுகிறார்கள். கூடப் பிறந்தவனோடு பேசாமல் இருப்பதற்காக ஆட்டோமேஷன் போட்ட புண்ணியவான்கள் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

வேலைக்கு ஒப்புக்கொண்ட அன்று அம்சத்துக்கு உள்ளூர உதறல். தொழில்நுட்பத்தில் அவளுக்குப் பயம் கிடையாது. இடம்தான் பயம். இந்த மில்லின் களத்தில்தான் அவள் அம்மா கண்ணாத்தாள் அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்தவள். கொல்லைக் கதவு வழியாக வந்து கொல்லைக் கதவு வழியாகப் போனவள். கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டுச் செங்கொடியோடு இதே வாசலில் உட்கார்ந்தவர் தாத்தா ஐயாவு. அப்போது போலீஸுக்குச் சொல்லி அனுப்பியது இந்த அண்ணன் தம்பிகளின் அப்பா. அந்தக் கூலிக்காரர்கள் தெருவிலிருந்து ஒருத்தி முன்வாசல் வழியாக வந்து, மில்லின் மூளையில் கை வைக்கப் போகிறாள். ஓடினால் நல்லது. ஓடவில்லை என்றால், 'அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல ஊரே தயாராக இருந்தது. டெல்டாவில் மில்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம் அல்லது பகை. இரண்டில் எதுவானாலும் செய்தி ஒரே வேகத்தில்தான் பரவும். இந்த மில் ஓடினால்தான் அவள் கம்பெனி ஓடும். இல்லாவிட்டால் பலகையைக் கழற்றிக்கொண்டு மறுபடி ஓசூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

நாகநாதனுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. கண்ணாத்தாள் மகளை 'வா' என்று கூப்பிட்டால் இன்ஜினியருக்குக் கோபம் வரும். 'வாங்க' என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அதனால் ஆளே இல்லாத மாதிரிப் பேசிச் சமாளித்தார்.

"வந்தாச்சா? டீ குடிச்சாச்சா? பேனல் எப்ப மாட்டுறதா இருக்கு?"

துரைராசு வேறு ரகம். மேடையில் மைக் பிடித்துச் சமத்துவம் பேசுகிறவர். வாங்க, சொல்லுங்க, சாப்பிட்டீங்களா என்று தாராளமாக உபசரித்தார். ஆனால் இரண்டு பேர் ஆபீஸிலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. அவள் வருகிற நேரத்தில் நாற்காலி இருக்காது. ஒன்றுக்குக் கால் ஆடும், இன்னொன்றின் மேல் சாக்கு அடுக்கியிருக்கும், மற்றது இப்போதுதான் கட்சி ஆபீஸுக்குப் போயிருக்கும். இரண்டாம் நாளே அம்சம் ஸ்கூட்டியின் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எலிவேட்டர் பக்கத்தில் பேனலுக்கு எதிரே, தகரத்தில் கதவு இருக்கிற இடத்தில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கண்ணாத்தாள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"நாற்காலி போட்டானுவளா?"

"இல்லம்மா."

"போடமாட்டானுவ" என்றுவிட்டு அவள் சோற்றை வடிக்கப் போய்விடுவாள்.

வேலை என்னவோ அழகாக முடிந்தது. தொட்டிகளில் மட்டம் பார்க்கிற சென்சார், பெல்ட் அடைத்தால் தெரிந்துகொள்கிற சென்சார், எல்லாவற்றுக்கும் சேர்த்து முடிவெடுக்கிற கண்ட்ரோல் பேனல். கேபிள்கள் பின்னிய ஜடை மாதிரி வரிசையாகக் கிடந்தன. பாக்கி இருந்தது ஒரே ஒரு பட்டன். நடு எலிவேட்டரைக் கிளப்பினால்தான் மற்றதெல்லாம் வரிசையாகக் கிளம்பும். அந்த பட்டனை எந்தப் பக்கம் வைப்பது?

"மூத்தவன் பக்கம்" என்றார் நாகநாதன். தம்பி பக்கம் வைத்தால் மில்லுக்கே நெருப்பு வைத்துவிடுவதாகச் சாமிதுரை மூலம் சொல்லி அனுப்பினார். "அரிசி வர்ற பக்கம்" என்றார் துரைராசு. நெருப்புக்குத் தீப்பெட்டி தருவதாகவும் சொல்லி அனுப்பினார். சாமிதுரை இரண்டையும் சர்க்கரை தூவாமலே கொண்டுபோனார். இந்த மெஷின் வந்தால் தன் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சரி, தொல்லை வேண்டாம் என்று ஆளுக்கொரு பச்சை பட்டனும், ஆபத்துக்கு நிறுத்த ஆளுக்கொரு சிவப்பு பட்டனும் வைத்தாள் அம்சம். அவள் செய்த தவறு அதுதான். ஓசூரிலும் யாராவது செய்யக்கூடிய தவறுதான். ஆனால் ஓசூரில் இதனால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது.

தை மாதம் ஒரு முகூர்த்த நாளில் திறப்பு. சம்பா நெல் வந்து குவிந்திருந்தது. அண்ணன் பக்கத்துத் தொட்டிகளில் முந்தின நாளே நெல் ஊறப் போட்டாகிவிட்டது. அய்யம்பேட்டை அப்துல் வஹாப் வந்திருந்தார். அவருக்கு அங்கே பெரிய மில். இந்தப் பெண்ணின் வேலை எப்படி என்று பார்த்துவிட்டு, தன் மில்லுக்கும் கொடுக்கலாமா என்று யோசிக்கத்தான் வந்தார். வாழைமரம், மாவிலை, பூசணிக்காய் எல்லாம் இரண்டு செட். ஐயர் மட்டும் ஒருவர். அவர் தகரக் கதவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி மந்திரம் சொல்லியதில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

நாகநாதன் பச்சையை அமுக்கினார். எலிவேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். 'அண்ணன் கிளப்பி நாம் ஓட்டுவதா' என்று துரைராசு தன் பக்கத்துச் சிவப்பை அமுக்கினார். நின்றது. பிறகு அவர் பச்சையை அமுக்கினார். கிளம்பியது. நாகநாதன் சிவப்பை அமுக்கினார். நின்றது. சின்னப் பிள்ளைகள் வீட்டு ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி இது நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் மோட்டார் சூடேறி, பேனலே மனம் வெறுத்துத் தன்னை அணைத்துக்கொண்டது.

"பாத்தியா, பொம்பளப் புள்ள செஞ்ச வேல" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது அம்சத்தின் காதில் விழுந்தது. காது சூடானது. கண்ணில் நீர் முட்டியது. அதைக் காட்டாமல் இருக்கப் பேனல் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டாள். கேவலம், இத்தனை படித்து, இத்தனை மெஷினை வழிக்குக் கொண்டுவந்து, இரண்டு கிழங்களிடம் தோற்பதா என்று ஆத்திரமாக வந்தது.

நல்ல நேரம் போய்விட்டது. அது பரவாயில்லை. ஊறின நெல்தான் நேரம் பார்க்காது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் புளித்து நாற ஆரம்பிக்கும். நாறின நெல்லை அவித்தால் சோறும் நாறும். அப்புறம் மில் பேரும் நாறும், கூடவே அம்சம் பேரும் நாறும். அண்ணன் முதலில் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னார்.

"என் கை படாம இந்த மெஷின் ஓடக் கூடாது. அப்படி ஒரு ஏற்பாடு பண்ண முடியுமா?"

அவர் போனதும் தம்பி வந்தார்.

"நான் அமுக்காம அது அசையக் கூடாதுங்க. அப்படி ஒண்ணு செஞ்சு குடுத்துடுங்க."

அம்சம் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் கேட்பது ஒன்றையேதான்! ஓசூரில் இரும்புத் தகட்டை அமுக்கி வளைக்கிற பிரஸ் மெஷின்களில் இது உண்டு. ஆளுடைய கை உள்ளே சிக்கக்கூடாது என்பதற்காக, தள்ளித் தள்ளி இரண்டு பட்டன் வைப்பார்கள். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். அரை வினாடி முன்பின்னானாலும் இறங்காது. இங்கே இரண்டு கைக்குப் பதில் இரண்டு ஆள், அவ்வளவுதான். லேப்டாப்பை மடியில் வைத்து, கேட்டவர்கள் கேட்டதை அப்படியே எழுதிப் பேனலுக்குள் ஏற்றினாள்.

"ரெண்டு பேருக்கும் சொல்றேன் சார்" என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "இனிமே ரெண்டு பச்சையையும் ஒண்ணா அமுக்கணும். முன்ன பின்ன அமுக்குனா கிளம்பாது. நிறுத்துறதுன்னா யார் வேணா நிறுத்தலாம். ஆனா மறுபடி கிளப்ப ரெண்டு பேரும் வேணும்."

நாகநாதன் முதலில் ஒரு தந்திரம் செய்தார். தன் பட்டனில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி அமுக்கியே வைத்துவிட்டார். தம்பி எப்போது அமுக்கினாலும் கிளம்பட்டும், அவனோடு சேர்ந்து அமுக்கியதாக இருக்காது என்ற கணக்கு. அந்தப் பக்கம் துரைராசுவும் செங்கல்லை முட்டுக் கொடுத்து அதையேதான் செய்திருந்தார். மெஷின் இரண்டு பேரையும் மதிக்கவில்லை.

"யாராவது ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லணும்" என்றாள் அம்சம். எல்லோரும் சாமிதுரையைப் பார்த்தார்கள்.

"எனக்கென்ன வந்துச்சு?" என்றார் சாமிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "இனிமே எல்லாம் மெஷினே பேசிக்கும்னீங்கல்ல. அதையே எண்ணச் சொல்லுங்க." சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தார்.

தொட்டிப் பக்கமிருந்து லேசாக ஒரு புளித்த வாடை வந்தது. அப்துல் வஹாப் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாகநாதனுக்கும் அந்த வாடை எட்டியது. என்ன இருந்தாலும் அவர் நெல்லுக்காரர். அவர் தொண்டையைச் செருமினார்.

"டேய் தொர!"

களத்தில் நெல் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்னா?"

"மூணு எண்ணுறேன். அமுக்கு."

"மூணு சொல்லும்போதா, சொல்லி முடிச்சப்புறமா?"

"சொல்லும்போதுடா!"

"உன்ன நம்ப முடியாது. புது ஆத்துல குதிக்கையில மூணுன்னு சொல்லிட்டு ரெண்டுலயே குதிச்சவன்தானே நீ!"

"அது அரை டவுசர் போட்டிருந்தப்படா! நீ மட்டும் என்ன, கரையிலயே நின்னுட்டு அப்பாகிட்ட போய் சொல்லிக் குடுத்தியே!"

"சொல்லாம? நீ முங்கி மேலயே வரல. செத்துட்டியோன்னு நெனச்சு நான் அழுதுகிட்டு ஓடுனேன்!"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நாகநாதன் தகரத்தின் கிட்டே போய், "அதை ஏண்டா அப்பவே சொல்லல?" என்று கேட்டார். "அடி வாங்குனவன் நானு."

"நீ எங்க கேட்டே?"

"சரி சரி, நெல்லு நாறுது. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

மெஷின் கிளம்பவில்லை. அம்சத்தின் லேப்டாப்பில் எல்லாம் தெரிந்தது. தம்பி பட்டன் மிகவும் பின்னால் வந்திருந்தது. அண்ணன் நிஜமாகவே அமுக்குகிறாரா என்று சத்தத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு அமுக்கியிருக்கிறார் துரைராசு. "சரி, நீங்க எண்ணுங்க சார்" என்று அவரிடம் சொன்னாள். அவர் எண்ணினார். இந்த முறையும் கிளம்பவில்லை. இப்போது அண்ணன் பட்டன் ரெண்டிலேயே விழுந்திருந்தது. நாகநாதன் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. பாவம், அவர் சுபாவமே அதுதான். அந்த உண்மையை மட்டும் வெளியே சொல்லியிருந்தால் மறுபடி தஞ்சாவூர் கோர்ட்டுதான்.

அம்சம் யோசித்தாள். அரை வினாடி என்பது ஒரே ஆளின் இரண்டு கைக்கு. அந்த இரண்டு கையும் ஒன்றையொன்று சந்தேகப்படாது. அண்ணன் தம்பிக்கு அரை வினாடி எப்படிப் போதும்? திரையில் அந்த அரையை அழித்துவிட்டு ஐந்து என்று போட்டாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

"கடைசியா ஒரு தடவ சார். ரெண்டு பேரும் சேந்து எண்ணுங்க."

ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி, ஒரே பாட்டை இரண்டு சுருதியில் பாடுகிற மாதிரி எண்ணினார்கள். பட்டன்கள் விழுந்தன. எலிவேட்டர் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. அதன் பின்னால் நீராவி சீறியது, டிரையர் சுழன்றது, அரவை மெஷின் இரைந்தது. தொட்டி நிரம்பியபோது நெல் தானாக நின்றது, காலியானபோது தானாக வந்தது. மாலைக்குள் முதல் அரிசி மூட்டைக்கு வாய் தைத்துவிட்டார்கள். அண்ணன் தம்பி இருவருடைய கையும் சிவப்பு பட்டன் பக்கம் போகவே இல்லை. நிறுத்தினால் திரும்ப அவனைக் கூப்பிட வேண்டுமே!

அப்துல் வஹாப் அம்சத்தின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏம்மா, சென்சார் கிடக்கட்டும். அந்தப் பங்காளி பட்டன் எங்க மில்லுக்கும் ஆவுமா?"

"எத்தன பேருங்க பாய்?"

"நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு. நாலு பேருக்கும் பேச்சுவார்த்த இல்ல."

அம்சம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "ஆவும் பாய். நேரந்தான் கொஞ்சம் கூட வெக்கணும்."

அப்போதுதான் அது நடந்தது. நாகநாதன் தன் ஆபீஸிலிருந்து தேக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வேட்டி தடுக்கத் தடுக்க வந்து, பேனலுக்கு எதிரே அதைப் போட்டு, தோள் துண்டால் தட்டினார். "உக்காருங்க" என்றார். தகரக் கதவு வழியாக அதைப் பார்த்துவிட்ட துரைராசு சும்மா இருப்பாரா? அவர் பக்கத்திலிருந்து கை வைத்த குஷன் நாற்காலி ஒன்று உருண்டு வந்தது. "இதுல உக்காருங்க, முதுகுக்கு நல்லது" என்றார். அத்தனை நாள் எங்கேயோ ஒளிந்திருந்த நாற்காலிகள் இரண்டு, ஒரே நேரத்தில், ஒரு பெண்ணின் இரண்டு பக்கமும் வந்து நின்றன. அண்ணன் தம்பி இருவரும் அவள் எதில் உட்காரப் போகிறாள் என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

எதில் உட்கார்ந்தாலும் இன்னொரு தகரத் தடுப்புக்கு அஸ்திவாரம். அதோடு, இத்தனை நாள் ஒளித்து வைத்த நாற்காலியில் உட்காரவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"என் ஸ்டூலே எனக்கு வசதியா இருக்கு சார்" என்றாள். "காலையிலேருந்து நின்னுகிட்டே இருக்கீங்க. ரெண்டு பேரும் உக்காருங்க."

வேறு வழியில்லாமல் அண்ணன் தேக்கில் உட்கார்ந்தார், தம்பி குஷனில் உட்கார்ந்தார். நடுவில் நீல ஸ்டூலில் உட்கார்ந்து, பேனல் விளக்குகள் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று அம்சம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். டீக்கடையிலிருந்து திரும்பி வந்த சாமிதுரை அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, மறுபடி டீக்கடைக்கே போய்விட்டார்.

வீட்டில் கண்ணாத்தாள் அடுப்பில் பால் வைத்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்து மில் ஓடியது என்று தெரிந்துகொண்டாள். ஆனாலும் வழக்கத்தை விடவில்லை.

"இன்னைக்காச்சும் நாற்காலி போட்டானுவளா?"

"ரெண்டு போட்டாங்கம்மா."

"ரெண்டா? எதுல உக்காந்தே?"

"நம்ம ஸ்டூல்ல."

கண்ணாத்தாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.